நாற்பதாவது பெயர்

போர் முடிந்து ஒன்றரை வருடம் கழித்து அந்த ஊருக்கு நீதி வந்து சேர்ந்தது. வந்த நீதிக்கு உட்கார இடமில்லை. போதுமான நாற்காலிகள் உள்ள கட்டடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது போர்க்காலத்தில் பொதுப் பாதுகாப்புப் பிரிவு இயங்கிய மூன்று மாடிக் கட்டடம். ஆகவே போர்க்காலக் குற்ற விசாரணை மன்றம் அங்கேயே குடியேறியது. எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பது பழைய ஊழியர்களுக்குத்தான் தெரியும் என்பதால், அவர்களையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். வாசல் பலகையை மட்டும் மாற்றினார்கள். அதுவும் பழைய பலகையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் எழுதியதுதான்.

ஊழியர்கள் எல்லோரும் ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. 'போர்க்காலத்தில் நான் எந்த ஆணையிலும் கையெழுத்திடவில்லை' என்பது அதன் வாசகம். டைப்பிஸ்ட்டும் கொடுத்தார். கையெழுத்துப் போடும் பதவியில் அவர் என்றுமே இருந்ததில்லை. அவர் பதவிக்கு உரியது, தாளின் அடியில் இடது ஓரத்தில், இதை அடித்தவர் யார் என்று காட்டும் இரண்டு முதலெழுத்துகள் மட்டும். அந்த இரண்டு எழுத்துகள்தான் மூன்று வருடமாக அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தன.

நடந்தது இதுதான். பாதுகாப்புப் பிரிவில் படிவம் பதினேழு என்று ஒன்று இருந்தது. அதில் நாற்பது வரிகள். வரிக்கு ஒரு பெயர், தந்தை பெயர், கதவு எண். படிவம் நிரம்பியதும் மாடிக்குப் போகும். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடுவார். கீழே லாரி புறப்படும். பெயர்கள் குறைந்தால் மிச்ச வரிகளைக் குறுக்குக் கோடு போட்டு அடைப்பது மற்ற அலுவலகங்களில் வழக்கம். கண்காணிப்பாளருக்கு அது கௌரவக் குறைச்சல். கோடு போட்ட தாளைப் பார்த்தால், 'இந்த ஆளால் நாற்பது பேரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லையா' என்று மேலிடத்தில் கேட்பார்களாம்.

பன்னிரண்டாம் பட்டியலுக்கு முப்பத்தொன்பது பெயர்கள்தான் வந்தன. தாள் மாடியிலிருந்து திரும்பி வந்தது. டைப்பிஸ்ட் அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

"ஒரு வரி காலியா இருக்கே. நிரப்பிக் கொண்டாங்க" என்றார் கண்காணிப்பாளர்.

"யார் பேரை, சார்?"

"இதைக்கூடவா நான் சொல்லணும்? இருபது வருஷ சர்வீஸ் என்னத்துக்கு?"

லாரி கீழே உறுமிக்கொண்டிருந்தது. டைப்பிஸ்ட் நாற்காலியில் வந்து விழுந்தார். அன்று காலை அவர் ஏழு நிமிடம் தாமதமாக வந்து, வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் வட்டம் வாங்கியிருந்தார். எதிர்வீட்டு வாட்ச்காரர் முந்தின நாள்தான் பழுது பார்த்துக் கொடுத்த கைக்கடிகாரம் காலை வாரிவிட்டிருந்தது. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. வாட்ச்காரரின் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. அப்பா பெயர் தெரியும். கதவு எண்ணோ எதிர்வீடு. அடித்துவிட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

விசாரித்துவிட்டு மறுநாள் அனுப்பிவிடுவார்கள் என்று தான் நினைத்ததாக அவர் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தார். நம்ப முடியவில்லை. முந்தைய பதினொரு பட்டியல்களில் போன ஒருவர்கூடத் திரும்பவில்லை என்பது அலுவலகத்துக்கு டீ கொண்டுவருபவருக்கும் தெரிந்த விஷயம். வாட்ச்காரரும் திரும்பவில்லை.

மன்றம் வந்ததும் செய்த முதல் காரியம் முற்றத்தில் ஒரு நினைவுச் சுவர் கட்டியது. காணாமல் போனவர்களின் பெயர்களைப் பட்டியல் வரிசை மாறாமல் அதில் செதுக்கினார்கள். வாட்ச்காரரின் மனைவி வாரம் ஒருமுறை, வீட்டின் முன்னறையில் இருந்த கடையைப் பூட்டிவிட்டு வந்து, கைக்குட்டையை நனைத்துக் கணவன் பெயரைத் துடைத்துவிட்டுப் போவாள். உடல் கிடைக்கவில்லை. கல்லறை இல்லை. அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு வரிதான்.

மற்ற நாட்களில், டைப்பிஸ்ட் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து அவள் வாசலுக்கு வருவாள்.

"அண்ணா, நீங்க கோர்ட்டுக்குள்ளயே இருக்கீங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவர் பேரை அதுல சேர்த்தது யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அவர் யார் வம்புக்கும் போனதில்லையே."

"பாக்கறேன் தங்கச்சி. கோப்பு இன்னும் வரல" என்று டைப்பிஸ்ட் மென்று விழுங்குவார். கோப்பு அவர் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது.

நேராக எதிர்வீட்டுப் படியேறிச் சொல்லிவிடலாம். எட்டு அடி தூரம். ஆனால் அந்த எட்டு அடியைக் கடக்க அவருக்குக் கால் வரவில்லை. அதற்குப் பதிலாக, மன்றம் தன்னைக் கூண்டில் ஏற்றி, குற்றவாளி என்று உரக்கச் சொல்லிவிட்டால், அவள் எல்லோரோடும் சேர்ந்து அதைக் கேட்டுக்கொள்வாள் என்று கணக்குப் போட்டார். கோழைகளுக்கு நீதிமன்றத்தின் மேல் இருக்கும் மரியாதை தனி.

ஒருநாள் துணிந்து மன்றப் பதிவாளர் முன்னால் போய் நின்றார்.

"சார், ஒரு குற்றத்தை ஒத்துக்கலாம்னு வந்திருக்கேன்."

பதிவாளர் தலையை நிமிர்த்தாமல், "என்ன கிரேடு?" என்றார்.

"கொலைன்னுதான் சொல்லணும் சார்."

"குற்றத்தோட கிரேடு இல்லய்யா. உங்க கிரேடு."

"டைப்பிஸ்ட், இரண்டாம் நிலை."

பதிவாளர் பேனாவை மூடி வைத்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "மன்ற விதி நாலைப் படிச்சிருக்கீங்களா? குற்றம் சாட்டப்படறவங்க குறைஞ்சது பிரிவு அலுவலரா இருக்கணும். அதுக்குக் கீழ இருக்கறவங்கல்லாம் பொதுமக்கள். பொதுமக்களைத் தண்டிக்கறதுக்கா நாங்க இவ்வளவு தூரம் வந்திருக்கோம்?"

"ஆனா நான்தான் சார் அடிச்சேன்."

"நீங்க அடிச்சீங்க. மெஷினும்தான் அடிச்சுது. மெஷினைக் கூண்டுல ஏத்த முடியுமா?" பதிவாளர் குரலைத் தணித்தார். "ரொம்ப மனசு உறுத்துதுன்னா விதிவிலக்கு கேட்டு எழுதிக் குடுங்க. ஆனா தகுந்த வழியா வரணும். உங்க அப்போதைய மேலதிகாரி பரிந்துரை பண்ணிக் கையெழுத்துப் போட்டு அனுப்பணும்."

"என் மேலதிகாரிதான் சார் முதல் குற்றவாளி. மூணாவது மாடியில அடைச்சு வெச்சிருக்கீங்க."

"நல்லதாப் போச்சு. பக்கத்துலதானே?"

வீட்டில் மனைவிக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். சொன்ன அன்று ஒரு பாடு அழுதவள், பிறகு அவரோடு பேசும்போது பெரும்பாலும் சுவரைப் பார்த்தே பேசினாள். விண்ணப்பக் கதையைக் கேட்டதும் சுவரிடம் சொன்னாள்: "நல்லவனா இருக்கத்தான் தெரியலன்னு பார்த்தா, குற்றவாளி ஆகறதுக்கும் சாமர்த்தியம் இல்ல. எதிர்வீட்டுக்குப் போறதுக்கு எந்த மேலதிகாரி கையெழுத்து வேணுமாம்?"

டைப்பிஸ்ட் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மூன்று பிரதி எடுத்தார்.

மூன்றாவது மாடியில் கண்காணிப்பாளர் தன் பழைய அறையிலேயே சிறை வைக்கப்பட்டிருந்தார். கதவுக்கு வெளியே காவல். உள்ளே அதே மேசை, அதே மேசை மணி. விண்ணப்பத்தைத் தூர வைத்துப் பார்த்தார். படிக்கவில்லை; கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் தேடினார். பிறகு ஏதோ சந்தேகம் வந்து, "இது என்னது?" என்று கேட்டார்.

டைப்பிஸ்ட் சொன்னார். கண்காணிப்பாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நீங்க என்னோட ஒரே கூண்டுல நிக்கணுமா? எத்தனை வருஷம் உழைச்சு நான் இந்த இடத்துக்கு வந்திருக்கேன் தெரியுமா? வெளியூர்லேர்ந்து பத்திரிகைக்காரங்க வந்து என்னைப் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. நாளைக்கு சரித்திரம் எழுதறவன் என் பேரோட உங்க பேரையும் சேர்த்து எழுதணுமா? ஒரு இரண்டாம் நிலை டைப்பிஸ்ட்?"

"அந்தக் காலி வரியை நீங்கதான் சார் நிரப்பச் சொன்னீங்க."

"வரியை நிரப்பச் சொன்னேன். ஆளைப் பிடிக்கச் சொன்னேனா?" என்றவர், விண்ணப்பத்தின் ஓரத்தில் 'பரிந்துரைக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழக்கம் விடவில்லை, மணியை அடித்து, காவலரைக் கூப்பிட்டுத் தாளைக் கீழே அனுப்பினார்.

விசாரணை நாள் வந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. வாட்ச்காரரின் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீதிபதிக்குக் கீழே, சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில், டைப்ரைட்டரோடு டைப்பிஸ்ட். மன்றத்தில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் அடிப்பது அவர் வேலை. முதல் ஒரு மணி நேரம் நாற்காலிகளின் ஏற்பாடு பற்றிப் பதிவாளர் சமர்ப்பித்த அறிக்கையை அடித்தார்.

பிறகு கண்காணிப்பாளர் எழுந்தார். நன்றாகச் சலவை செய்த கோட்டு. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"கனம் நீதிபதி அவர்களே! இருபத்தெட்டு வருடப் பணியில் ஒரு தாளைக்கூட நான் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை. இதை நான் பெருமையோடு சொல்கிறேன். படித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். சந்தேகம் வந்தால் தாமதம் வந்திருக்கும். என் மேசையில் எந்தத் தாளும் அரை மணிக்கு மேல் தங்கியதில்லை. மனிதர்கள் மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது. அவர்களை நான் பார்த்ததேயில்லை. நான் பார்த்ததெல்லாம் காலி வரிகள். அவற்றை மட்டும் நான் மன்னித்ததில்லை!"

நீதிபதி நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே, பதிவாளர் நீட்டிய மூன்று தாள்களில் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

குற்றப் பத்திரிகைப் படிவத்தில் ஒரு பட்டியலுக்குத்தான் இடமிருந்தது; அதில் சேர்த்திருந்த பன்னிரண்டாம் பட்டியலை அரசுத் தரப்பு வாசிக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று போய், நாற்பதாவது பெயர் கூடத்தில் ஒலித்தது. மூன்றாவது வரிசையில் ஒரு விசும்பல் கேட்டது. டைப்பிஸ்ட் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தார். அவர் எழுந்து நின்றார்.

"ஐயா! அந்த நாற்பதாவது பேரு..."

"நிறுத்துங்க!" என்றார் நீதிபதி. "யார் பேசறது?"

"நான்தான் ஐயா, டைப்பிஸ்ட்."

"நீங்க பேசினா அதை யார் அடிக்கறது?"

இது கடினமான கேள்வி என்பது எல்லோருக்கும் புரிந்தது. நீதிபதி பதிவாளரோடு கலந்து பேசினார். பதிவில் ஏறாதது மன்றத்தில் நடக்காதது. டைப்பிஸ்ட் பேசும்போது பதிவு நிற்கிறது. ஆகவே அவர் பேசவில்லை என்று முடிவாயிற்று. வேண்டுமானால், சொல்ல நினைப்பதை முதலில் அடித்துக் கொடுக்கலாம், மன்றம் படித்துக்கொள்ளும்.

டைப்பிஸ்ட் உட்கார்ந்து அடித்தார். காலி வரி, சிவப்பு வட்டம், கைக்கடிகாரம், ஏழு நிமிடம் எல்லாவற்றையும் அடித்தார். இப்போது இதைச் சத்தமாகப் படிப்பார்கள், அவள் கேட்பாள், எல்லாம் முடிந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நீதிபதி சத்தமாகப் படிக்கவில்லை. மனதுக்குள் படித்தார். அவர் முகம் முதன்முறையாக மலர்ந்தது. தாள் கண்காணிப்பாளரிடம் போனது. கண்காணிப்பாளர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தாளை முழுசாகப் படித்துவிட்டு, துள்ளி எழுந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே! என் மேல் நாற்பது பேரைக் குறித்துக் குற்றச்சாட்டு. இப்போது தெரிகிறது, முப்பத்தொன்பதுதான்! தவறான குற்றச்சாட்டில் நான் ஒன்றரை வருடம் அடைபட்டிருக்கிறேன். என் நற்பெயருக்கு நேர்ந்த களங்கத்துக்கு யார் பதில் சொல்வது?"

மன்றம் நான்கு நாள் ஒத்திவைக்கப்பட்டது. ஐந்தாம் நாள் தீர்ப்பு வந்தது. கண்காணிப்பாளர் முழுக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. நாற்பதில் ஒன்று குறைகிறது. நிரபராதி என்றும் சொல்ல மனசாட்சி இடம் தரவில்லை. ஆகவே அவர் 'பெரும்பாலும் குற்றவாளி' என்று மன்றம் அறிவித்தது. முழுக் குற்றவாளிக்கு என்ன தண்டனை என்று விதிகளில் இருந்தது. பெரும்பாலும் குற்றவாளிக்கு எதுவும் குறிப்பிடப்படவில்லை. விதியில் இல்லாத தண்டனையைக் கொடுப்பது போர்க்காலத்து வழக்கம், நாகரிக மன்றம் அதைச் செய்யாது என்று நீதிபதி உருக்கமாக முடித்தார். கண்காணிப்பாளர் பிற்பகல் டீக்கு வீட்டில் இருந்தார்.

டைப்பிஸ்ட்டைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதை அவரே அடித்தார். 'நாற்பதாவது பெயர் மூலப் பட்டியலில் இல்லை. அது படி எடுக்கையில் நேர்ந்த தட்டச்சுப் பிழை. பிழையாக ஏறிய பெயருக்குரியவர் முறைப்படி கொண்டுசெல்லப்பட்டவர் ஆகமாட்டார். முறைப்படி கொண்டுசெல்லப்படாதவர் பாதிக்கப்பட்டவர் ஆகமாட்டார். அப்பெயர் நினைவுச் சுவரிலிருந்து நீக்கப்படும்.'

விரல்கள் கடைசி வரியில் நின்றுவிட்டன. அவர் எழுந்து பதிவாளரிடம் ஓடினார்.

"சார், அந்தாள் நிஜமாவே போயிட்டார் சார். செத்துட்டார். அவர் பொண்டாட்டி எதிர்வீட்டுல இருக்காங்க."

"நாங்க எங்க இல்லேன்னு சொன்னோம்? அவர் போனது போனதுதான். ஆனா எங்க வழியாப் போகல" என்று பதிவாளர் அவர் தோளில் தட்டினார். "சந்தோஷமாப் போங்க. உங்க மேல குற்றம் இல்ல, பிழைதான். பிழை பண்ணவங்களே திருத்த அறிவிப்பை நேர்ல கொண்டுபோய்க் குடுக்கணும். விதி பதினொண்ணு. கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க."

முற்றத்தில் ஒருவர் ஏணி போட்டு உளியோடு ஏறிக்கொண்டிருந்தார். டைப்பிஸ்ட் குனிந்த தலை நிமிராமல் வெளியே வந்தார். தன்னால் ஒரு மனிதனை இரண்டு தடவை இல்லாமல் செய்ய முடிந்ததை நினைத்தபோது அவருக்குத் தன் கைகளையே பிடிக்கவில்லை.

வாட்ச்காரரின் மனைவி கடைவாசலில் உட்கார்ந்து ஒரு வாடிக்கையாளருக்குக் கடிகாரப் பட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் போகும்வரை டைப்பிஸ்ட் தெருவில் நின்றார். பிறகு படியேறித் தாளை நீட்டினார். அவள் நிதானமாக, ஒரு சொல் விடாமல் படித்தாள். மூன்று வருடத்தில் அந்த விவகாரத்தில், தப்பிக்க வழி தேடாமல் ஒரு தாளை அப்படிப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

"பிழைன்னு போட்டிருக்கு. யாரோட பிழைன்னு போடலையே அண்ணா."

"என்னோடது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். டைப்பிஸ்ட் கொட்டிவிட்டார். காலி வரியைச் சொன்னார், லாரியைச் சொன்னார், கடிகாரத்தைச் சொன்னார். கடைசியாக ஏழு நிமிடத்தையும் சொன்னார்.

"ஏழு நிமிஷம்" என்றாள் அவள். அந்தக் கடையில் மாட்டியிருந்த அத்தனை கடிகாரங்களும் சத்தம் போட்டன.

"தினமும் காலையில உங்ககிட்டதான் வந்து கேட்டேன். என்னைத் தங்கச்சின்னீங்க."

"சொல்ல வாய் வரலம்மா. மூணு வருஷமாத் தூக்கமில்ல. அந்த ஒரு பேரு என்னை அரிச்சுத் தின்னுடுச்சு. என்னை என்ன வேணா பண்ணுங்க. திட்டுங்க. அடிங்க. அந்த ஒரு பேருக்காக நான்..."

"ஒரு பேரா?" என்று அவள் குறுக்கிட்டாள்.

அவருக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு லாரி பின்னாலயே ஓடினேன். இவர் பக்கத்துல ஒரு வயசான அம்மா. கால்ல செருப்பில்ல. நான் என் செருப்பைக் கழட்டி உள்ளே வீசினேன். அந்தம்மா பேரு என்ன?"

"அது... மத்ததெல்லாம் மேலேருந்து வந்த பேரும்மா. எனக்கு வந்ததை நான்..."

"முப்பத்தொம்பது பேரு. அதையும் நீங்கதானே அடிச்சீங்க? அந்தம்மா பேரு வேணாம். அதுல ஏதாவது ஒரு பேரு சொல்லுங்க."

டைப்பிஸ்ட் யோசித்தார். அந்தத் தாளில் எந்த வரியில் மை மங்கியிருந்தது என்பது ஞாபகம் வந்தது. இருபதாவது வரிக்குப் பிறகு ரிப்பனைத் திருப்பிப் போட்டது ஞாபகம் வந்தது. தினமும் போகும்போதும் வரும்போதும் அந்த நினைவுச் சுவரைத்தான் கடந்து போனார். இத்தனை மாதத்தில் அவர் கண் போனது ஒரே ஒரு வரிக்குத்தான். அவள் கையில் தாளை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கத்தவில்லை, அழவில்லை. கதவையும் சாத்தவில்லை.

"சொல்லுங்க அண்ணா. ஒண்ணே ஒண்ணு."

அவர் வாயைத் திறந்தார். வாட்ச்காரரின் பெயரைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.